கணக்கைக் கேளுங்கள், ஏரியாவைக் கேட்காதீர்கள்

என்னைக் கேலி செய்து ஓர் இணையப் பக்கம் போட்ட அந்தப் போட்டோவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஆளாளுக்கு எனக்கே அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள், சொந்தக்காரர்கள் உட்பட. வடசென்னை தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனையில் நிற்கிற என் வண்டி, பக்கத்தில் தண்ணீர் லாரி, மேலே அந்த வரி: "வண்டி லீஸு, வீடு வாடகை, வாய் மட்டும்தான் சொந்தம்." பார்த்தவர்களுக்குத் தெரியும். பார்க்காதவர்கள் தேடிப் போய்ப் பார்க்க வேண்டாம்.

ஆமாம், லீஸ்தான். பிஎம்டபிள்யூ எம்340ஐ. நான்கு வருட ஒப்பந்தம், என் கம்பெனி பெயரில். வீடும் வாடகைதான். இதில் எதையும் யாரிடமும் நான் மறைத்ததில்லை. மறைக்காத ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக அந்த இணையப் பக்கம் கொண்டாடுகிறது, அதற்கு ஊரே கீழே வந்து சிரித்துவிட்டுப் போகிறது.

கமென்ட்டுகளை எல்லாம் படித்தேன். "எந்தக் கன்டெய்னர்ல இருந்து இறங்குச்சு?" என்று ஒருவர், கடத்தி வந்த வண்டி என்ற அர்த்தத்தில். "இந்த ஏரியாவுக்கு இது தேவையா?" என்று இன்னொருவர். "இரண்டு வருஷம் கழிச்சு டயர் மாத்தக் காசு இருக்காது பாரு" என்று மூன்றாவது ஒருவர். மூன்றில் பதில் சொல்லத் தகுந்தது கடைசியாகக் கேட்டது மட்டும்தான், ஏனென்றால் அது வண்டியைப் பற்றிய கேள்வி. மற்ற இரண்டும் என்னைப் பற்றியவை, என் ஊரைப் பற்றியவை.

அதனால் டயரிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

இந்த வண்டியின் டயர் சாதாரண டயர் இல்லை, ரன்-பிளாட். பஞ்சரானால் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் சுமார் 80 கிலோமீட்டர் வரை ஓட்டிக்கொண்டு போகலாம் என்பது கணக்கு. நல்ல விஷயம்தான். ஆனால் 19 அங்குல சக்கரத்தில் டயரின் பக்கச்சுவர் மெல்லிசாக இருக்கும். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் தோண்டி வைத்திருக்கிற பள்ளத்தில் வேகமாக இறங்கினால் பக்கச்சுவர் வெட்டிக்கொள்ளும், அலாய், அதாவது டயர் மாட்டியிருக்கிற உலோகச் சக்கரம், வளையும். பக்கச்சுவர் போனால் ஒட்டுப் போட முடியாது, புது டயர்தான். முன் சக்கரத்துக்கு ஒரு அளவு, பின் சக்கரத்துக்கு வேறு அளவு, அதனால் முன்னதைப் பின்னால் மாற்றிப் போட்டு ஆயுளை இழுக்கவும் முடியாது. இதெல்லாம் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு எனக்கு யாரோ சொல்லித் தெரிந்ததில்லை. போடுவதற்கு முன்பே நான்கு டயரின் விலையையும் விசாரித்து, எங்கள் ரோட்டில் அவை எவ்வளவு நாள் தாங்கும் என்று குறைத்தே மதிப்பிட்டு, மாதத்துக்கு இவ்வளவு என்று வகுத்து வைத்தேன்.

கஸ்டம்ஸ் கிளியரிங் என் தொழில், துறைமுகத்தில் இறங்குகிற சரக்கைச் சுங்கத்துறையில் கணக்குக் காட்டி வெளியே எடுத்துக் கொடுப்பது. எங்கள் தொழிலில் சரக்கின் இன்வாய்ஸ் விலையை மட்டும் பார்த்துவிட்டுச் சந்தோஷப்படுகிறவன் பிழைக்க மாட்டான். டூட்டி, சரக்கு துறைமுகத்தில் தேங்கினால் டெமரேஜ், கன்டெய்னரைத் தாமதமாகத் திருப்பினால் டிடென்ஷன், லாரி வாடகை எல்லாம் சேர்ந்து கோடவுன் வாசலில் வந்து நிற்கிற விலைதான் விலை. வண்டியும் எனக்கு அப்படித்தான். லீஸ் வாடகை என்பது இன்வாய்ஸ். அதற்கு மேல் வருவதெல்லாம்தான் உண்மையான வண்டி.

வாடகை எவ்வளவு என்று இங்கே எழுத மாட்டேன், அது எனக்கும் லீஸ் நிறுவனத்துக்கும் உள்ளது. ஆனால் முறையைச் சொல்கிறேன். மாதா மாதம் கட்டுகிற வாடகையில் கால் பங்குக்குச் சமமான தொகையைத் தனி அக்கவுண்ட்டில் போடுகிறேன். இன்சூரன்ஸ், டயர், பிரேக், ஒப்பந்தத்தில் அடங்காத சர்வீஸ் வேலை எல்லாம் அதிலிருந்துதான். அந்த அக்கவுண்ட்டில் வேறு எதற்கும் கை வைப்பதில்லை. கால் பங்கையும் சேர்த்துக் கட்ட முடியாது என்றால் அந்த வண்டியை எடுத்திருக்கவே மாட்டேன், ஒரு படி கீழே போயிருப்பேன். இதுதான் நான் போட்ட கணக்கு. கேட்பதாக இருந்தால் இதைக் கேளுங்கள்.

"வாங்காமல் ஏன் லீஸ்?" என்று கேட்கிறவர்களுக்கும் பதில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள காருக்கு 2023 நவம்பரிலிருந்து சாலை வரி 20 சதவீதம். ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு 40 சதவீதம். லீஸ் வாடகைக்கும் அதே விகிதம்தான், யாரும் எனக்குச் சும்மா கொடுக்கவில்லை. கம்பெனி உபயோகத்துக்கு என்றாலும் காருக்குக் கட்டிய ஜிஎஸ்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது, சட்டம் அதைத் தடுத்து வைத்திருக்கிறது. ஆனால் வாங்கியிருந்தால் கையில் இருக்கிற பெரும் பணம் ஒரே நாளில் வெளியே போகும், வருமான வரிக் கணக்கில் வருடத்துக்கு 15 சதவீதம் தேய்மானம் மட்டும் காட்டலாம். லீஸ் என்றால் தொழிலுக்கு ஓடுகிற அளவுக்கான வாடகை செலவாகவே போகிறது, என் பணம் தொழிலில் சுழல்கிறது. நான்காவது வருடம் இந்த வண்டியை என்ன விலைக்கு விற்பது என்ற கவலையும் என்னுடையதில்லை. சொகுசு கார்கள் எவ்வளவு சீக்கிரம் விலை இறங்கும் என்று பழைய கார் விற்கிறவர் யாரைக் கேட்டாலும் சொல்வார்.

இதற்கு விலையும் உண்டு. வருடத்துக்கு இவ்வளவு கிலோமீட்டர்தான் என்று வரம்பு, தாண்டினால் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கூடுதல் கட்டணம். திருப்பிக் கொடுக்கும்போது கீறல், நசுங்கல், அலாய் சிராய்ப்பு எல்லாம் பார்த்துக் கழிப்பார்கள். நடுவில் ஒப்பந்தத்தை முறித்தால் அபராதம். அந்தப் பக்கங்களைத்தான் நான் முதலில் படித்தேன், வண்டியின் நிறத்தை அப்புறம்தான் தேர்ந்தெடுத்தேன்.

இன்சூரன்ஸும் அப்படித்தான். தேய்மானம் கழிக்காமல் பணம் தருகிற பாலிசியைப் பம்பர் டு பம்பர் என்று சொல்லி விற்கிறார்களே, அது மட்டும் போதாது எங்கள் பகுதிக்கு. தண்ணீர் இன்ஜினுக்குள் போனால் பிஸ்டனால் தண்ணீரை அழுத்த முடியாது, பிஸ்டனைப் பிடித்திருக்கிற ராடு வளைந்துவிடும். இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்க்காவிட்டால் அந்தச் செலவை சாதாரணப் பாலிசி ஏற்காது. தண்ணீரில் நின்ற வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்து பார்த்தால் க்ளெய்மே சிக்கலாகும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர், எர்ணாவூர் பக்கம் வீட்டுக்குள் வந்தது வெறும் மழைத் தண்ணீர் இல்லை, எண்ணெயும் கலந்த தண்ணீர். அதைப் பார்த்தவள் நான். அந்தச் சேர்க்கைக்குப் பணம் கட்ட எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. மழை எச்சரிக்கை வந்தாலே வண்டி மேட்டுக்குப் போய்விடும், அதற்கு ஓர் இடமும் பேசி வைத்திருக்கிறேன்.

2024 அக்டோபரில் வேளச்சேரியில் மேம்பாலத்தின் மேல் வரிசையாகக் கார்களை நிறுத்தினார்களே, நினைவிருக்கிறதா? பாவம், என்ன செய்வார்கள் என்றுதான் எல்லாரும் பேசினோம், நானும் பேசினேன். "தண்ணி நிக்கிற ஏரியாவுல உங்களுக்கு எதுக்குக் கார்?" என்று அவர்களை யாரும் கேட்டு நான் பார்க்கவில்லை. அந்தக் கேள்வி பேசின் பிரிட்ஜைத் தாண்டி இந்தப் பக்கம் வந்த பிறகுதான் வாய்க்கு வருகிறது.

இந்த இடத்தில் எனக்கு நிதானம் போகிறது, மன்னிக்கவும்.

இந்த ஏரியாவுக்கு இந்த வண்டி எதற்கு என்றால், இந்த ஏரியாவுக்கும் வண்டிக்கும் என்ன சம்பந்தம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அசோக் லேலண்ட் லாரி எங்கே பிறந்தது? எண்ணூரில். இன்று உலகம் முழுக்க ஓடுகிற என்ஃபீல்டு புல்லட் இந்த நாட்டில் எங்கே தயாராகத் தொடங்கியது? திருவொற்றியூரில். எம்ஆர்எஃப் டயர் தொடங்கியதும் திருவொற்றியூரில்தான். இங்கே செய்த கார்கள் பல கப்பலேறி வெளிநாடு போவது எண்ணூர் காமராஜர் துறைமுகத்திலிருந்து. இவ்வளவு வண்டியும் இந்த மண்ணைத் தொட்டுத்தான் போகிறது. எங்கள் ஆட்கள் கையில் கிரீஸோடு நின்றால் உங்களுக்கு இயல்பாகத் தெரிகிறது, ஸ்டீயரிங்கைப் பிடித்தால் மட்டும் கன்டெய்னர் நினைவுக்கு வருகிறது.

என் அப்பா எண்ணூரில் லாரித் தொழிற்சாலையில் ஃபிட்டர். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது சோழவரத்தில் கார் ரேஸ் நடக்கும். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அது, அதையே பந்தயப் பாதை ஆக்கியிருந்தார்கள். 1990-ல் இருங்காட்டுக்கோட்டைப் பாதை வந்த பிறகு சோழவரம் அடங்கிவிட்டது. அதற்கு முன்பு வருடா வருடம் அப்பா என்னை ஸ்கூட்டரில் முன்னால் நிற்க வைத்து ஜிஎன்டி ரோட்டில் கூட்டிக்கொண்டு போவார். வெயிலில் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, "கண்ணை மூடிக்கோ, சத்தத்தைக் கேளு, கியர் எப்ப மாத்துறான்னு சொல்லு" என்பார். நான் சொல்வேன். சரியாகச் சொன்னால் பக்கத்தில் நிற்கிற ஆட்களிடமெல்லாம் "என் பொண்ணு" என்பார். இந்த ஆறு சிலிண்டர் இன்ஜினின் சத்தத்துக்காகத்தான் இதை எடுத்தேன். நூறு கிலோமீட்டர் வேகத்தை 4.4 வினாடியில் தொடும் என்று கம்பெனி சொல்கிறது. எனக்கு அந்த எண்ணைவிட விடியற்காலையில் ரோடு காலியாக இருக்கும்போது இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்குப் போகிற அந்தச் சத்தம் போதும். அப்பா இதைக் கேட்கவில்லை, அதற்கு முன்பே போய்விட்டார். இந்த வண்டியை அசெம்பிள் செய்கிற தொழிற்சாலை கூட செங்கல்பட்டுப் பக்கம், மகேந்திரா வேர்ல்ட் சிட்டியில் 2007-லிருந்து இருக்கிறது. அவருக்குத் தெரிந்திருந்தால் கேட்டுக்கு வெளியே நின்றாவது பார்த்துவிட்டு வந்திருப்பார்.

இதை ஆடம்பரம் என்பீர்கள். ஆடம்பரம்தான். சம்பாதிக்கிற ஒரு பெண் தன் கணக்கில் வைத்துக்கொண்ட ஆடம்பரம், அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

"முதலில் வீடு வாங்கலாமே சிஸ்டர்" என்று அக்கறையோடு எழுதிய அண்ணன்களுக்கு: வீடு வாங்குவது பற்றி நானும் என் அம்மாவும் பேசிக்கொள்வோம். தவணையில் ஆசைப்பட்டு மூழ்குகிற இளைஞர்களைப் பற்றி ஒருவர் நீளமாக எழுதியிருந்தார். அது நியாயமான கவலை, அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. பராமரிப்புக்கு ஒரு ரூபாய்கூட ஒதுக்காமல் மாத வாடகையை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவன் எந்த ஏரியாக்காரனாக இருந்தாலும் மாட்டிக்கொள்வான், அண்ணா நகர் என்றால் மட்டும் தப்பிக்க மாட்டான். அதைத்தான் நானும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். கணக்கைக் கேளுங்கள்.

ஆனால் கணக்கை யார் கேட்கிறார்கள்? முதலில் நான் அணுகிய ஒரு நிறுவனம், பெயர் வேண்டாம், மூன்று வருட வருமான வரி ரிட்டர்ன், ஜிஎஸ்டி ரிட்டர்ன், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் வாங்கிப் பார்த்தது. எல்லாம் சரி மேடம் என்றார்கள். முகவரி கொடுத்த பிறகு குரல் மாறியது. உங்கள் பின்கோடு எங்கள் லிஸ்ட்டில் நெகட்டிவ் ஏரியா, அதாவது பணம் கொடுக்கத் தயங்குகிற பகுதி, கூடுதல் டெபாசிட் வேண்டும், அல்லது தெற்கே யாராவது சொந்தக்காரர் முகவரி கொடுக்க முடியுமா என்றார் அந்தத் தம்பி. அவர் கெட்டவர் இல்லை, அவருக்கு முன்னால் இருந்த திரை அப்படிச் சொன்னது. நான் கொடுக்கவில்லை, எழுந்து வந்துவிட்டேன். ஷோரூமிலும் "சார் எப்ப வருவார் மேடம்?" என்றுதான் முதலில் கேட்டார்கள். இரண்டும் ஒரே நாளில் நடந்தன. வீட்டுக்கு வந்து அழுதேன் என்று எழுத எனக்கு வெட்கமில்லை.

ஆகவே "கன்டெய்னர்" என்று எழுதியவரே, உங்களுக்கு அது ஒரு சிரிப்பு. என் லைசென்ஸ், என் பெயர், என்னிடம் வேலை பார்க்கிறவர்களின் சம்பளம் எல்லாம் கன்டெய்னர்களை நேர்மையாக வெளியே எடுப்பதில்தான் இருக்கிறது. சுங்கத்துறையில் தாக்கல் செய்கிற ஒரு பில் ஆஃப் என்ட்ரியில் ஒரு எண் தப்பினால் நான் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் ஒரு வரியில் என்னைக் கடத்தல்காரி ஆக்கிவிட்டுத் தூங்கப் போய்விட்டீர்கள்.

தூசியைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார், அதையும் சொல்லிவிடுகிறேன், இங்கே வண்டி வைத்திருக்கிற எல்லாருக்கும் உதவும். அனல் மின் நிலையச் சாம்பலும் மணலிப் பக்கத்துக் கரியும் கடல் உப்பும் சேர்ந்து பெயின்ட்டில் படியும். உலர்ந்த துணியால் துடைக்கவே கூடாது, கீறிவிடும், தண்ணீர் அடித்த பிறகுதான் துணி. ஏசியின் கேபின் ஃபில்டரை கம்பெனி சொல்வதற்கு முன்பே மாற்ற வேண்டியிருக்கிறது. கழற்றும்போது பார்த்தால் கறுப்பாக இருக்கும். வண்டிக்கு ஃபில்டர் இருக்கிறது. எங்கள் தெருவில் வாசலில் உட்கார்ந்திருக்கிற பெரியவர்களுக்கு எது இருக்கிறது? இதைப் பற்றி அந்த இணையப் பக்கம் ஒரு பதிவு போட்டிருக்கிறதா என்று தேடினேன். இல்லை.

லீஸ் எடுக்க யோசிக்கிற தம்பிகள், தங்கைகள் சிலர் இன்பாக்ஸில் கேட்டிருக்கிறீர்கள். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் பாரிமுனை ஆபீசில் இருப்பேன். ஒப்பந்தத்தின் நகலை எடுத்துக்கொண்டு வாருங்கள், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் வாருங்கள். கிலோமீட்டர் வரம்பு, முறிவு அபராதம், திருப்பிக் கொடுக்கும்போது கழிக்கிற பட்டியல், இன்சூரன்ஸ் யார் கட்டுவது, இந்த நாலையும் சேர்ந்து படிப்போம்.

அந்தப் பக்கத்தை நடத்துகிறவருக்கு: என் வண்டி எண்ணை நீங்கள் மறைக்கவில்லை, அதை விட்டுவிடுகிறேன். ஆனால் படத்தின் ஓரத்தில் குடத்தோடு நிற்கிற எங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் முகம் தெளிவாகத் தெரிகிறது, பெரியவள் இந்த வருடம் பத்தாவது. ஸ்கூலில் கேலி செய்கிறார்கள் என்று நேற்று அவள் அம்மா வந்து சொன்னார். உங்களுக்கு மெசேஜ் அனுப்பியிருக்கிறேன், பார்த்துவிட்டீர்கள், நீல டிக் வந்துவிட்டது. இன்றைக்குள் அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள்.