ரிக்‌ஷா என்ற பெயரில் இருந்த மனிதர் எங்கே போனார்?

வண்டிக்கு என்ன பெயர் இருந்தால் என்ன, ஓடினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. ரிக்‌ஷா விஷயத்தில் என்னால் அப்படி விட்டுவிட முடியவில்லை.

அது ஜப்பானியச் சொல். முழுப்பெயர் ஜின்ரிகிஷா. ஜின் என்றால் மனிதர், ரிகி என்றால் வலிமை, ஷா என்றால் வண்டி. மூன்று எழுத்துகளில் எழுதுவார்கள். முதல் எழுத்து, ஓர் ஆள் காலை அகற்றி நிற்பதுபோல இரண்டே கோடுகளால் ஆனது. மனித வலிமையால் ஓடும் வண்டி என்பதை ஒளிக்காமல் சொன்ன பெயர். ஆங்கிலேயர் வாயில் அது 'ஜின்ரிக்‌ஷா' ஆகி, 1880களிலேயே வெறும் 'ரிக்‌ஷா' என்று குறுகிவிட்டது. நமக்கு வந்து சேர்ந்தது அந்தக் குறுகிய வடிவம்தான். வலிமையும் வண்டியும் தங்கிவிட்டன; உதிர்ந்தது மனிதர். யாரும் திட்டம் போட்டு வெட்டவில்லை, பேச்சில் சொற்கள் தேய்வது இயல்பு. ஆனால் இந்தத் தேய்மானம் அந்த வண்டியின் ஒன்றரை நூற்றாண்டுக் கதையோடு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

கதை டோக்கியோவில் தொடங்குகிறது. 1868-இல் மெய்ஜி பேரரசரின் ஆட்சி வருவதற்கு முன், தொகுகாவா குடும்பத்து ராணுவத் தலைவர்கள் ஆண்ட காலத்தில் ஆட்கள் சக்கர வண்டியில் பயணம் செய்யக் கடுமையான கட்டுப்பாடுகள் இருந்தன. வசதியுள்ளவர்கள் 'ககோ'வில் போனார்கள். மூங்கில் கழியில் தொங்கும் பல்லக்கு அது. ககோ என்றால் கூடை. சுமக்க முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். ஆட்சி மாறிக் கட்டுப்பாடும் தளர்ந்த பிறகு, 1870-இல் இசுமி யோசுகே, சுசுகி தொகுஜிரோ, தகயாமா கொசுகே என்ற மூவர் டோக்கியோ நிர்வாகத்திடம் அனுமதி வாங்கி ஜின்ரிகிஷாக்களைத் தெருவில் இறக்கினார்கள். ஜோனதன் கோபிள் என்ற அமெரிக்க மதபோதகர்தான் இதைக் கண்டுபிடித்தவர் என்ற வாதமும் உண்டு. அனுமதி வாங்கித் தொழிலாக நடத்திக் காட்டியவர்கள் என்ற வகையில் நான் அந்த மூவர் பக்கம். 1872-க்குள் டோக்கியோவில் மட்டும் சுமார் 40,000 வண்டிகள் ஓடின என்றால் அது எவ்வளவு வேகமாகப் பரவியது என்று பாருங்கள்.

பல்லக்கோடு ஒப்பிட்டால் இது முன்னேற்றம்தானே என்று கேட்கலாம். பாரத்தைச் சக்கரம் தாங்குகிறது, தோள் தப்பிக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இரண்டு பேர் நடந்து செய்த வேலையை இப்போது ஒருவர் ஓடிச் செய்ய வேண்டியதாயிற்று. இதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

ஜப்பானிலிருந்து ஷாங்காய், சிங்கப்பூர், சிம்லா, கொல்கத்தா என்று வண்டி பயணம் போனது. போன இடமெல்லாம் பெயர் மாறியது. அந்தப் பெயர்களில்தான் நான் தேடுவது கிடைக்கிறது. இந்தோனேசியாவில் 'பெச்சாக்' என்பார்கள். ஹொக்கியன் சீனத்தில் குதிரை வண்டியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது அது. குதிரை இருந்த இடத்துக்கு ஆள் வந்தார், பெயரில் குதிரை அப்படியே நின்றுகொண்டது. கொல்கத்தாவின் கை ரிக்‌ஷாக்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1919-ஆம் ஆண்டின் ஹேக்னி கேரேஜ் சட்டம், அதாவது வாடகை வண்டிச் சட்டம். ஹேக்னி என்பது வாடகைக்கு விடும் சாதாரணச் சவாரிக் குதிரையைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல். அதாவது, கையில் மணியைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு ஓடுகிற ஒரு பீகார்க்காரரின் பிழைப்பு, சட்டப் புத்தகத்தில் குதிரையின் பெயருக்குக் கீழே எழுதப்பட்டிருக்கிறது. 2006-இல் மேற்கு வங்க சட்டமன்றம் அதைத் திருத்தி கை ரிக்‌ஷாவை நீக்கப் பார்த்தது; வழக்கு வந்து அது நின்றுபோனது. பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர் 'பூஸ்-பூஸ்'. தள்ளு, தள்ளு என்று பொருள். மடகாஸ்கரில் இன்றும் அதுதான் பெயர். மலிவான சவாரியில் ஏறி உட்கார்ந்தவரின் ஏவல் ஒரு வண்டி வகையின் பெயராகிவிட்டது என்பதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

நம் மொழிக்கு வருவோம். தெருமுனையில் நின்று நாம் என்ன கேட்கிறோம்? "ஆட்டோ வருமா?" முன்பு "ரிக்‌ஷா வருமா?" கேட்பது ஒரு மனிதரிடம், வினைமுற்றோ அஃறிணை. கருவியின் பெயர் ஆளுக்கு ஆகிவருவது ஆகுபெயர்தான், இலக்கணப்படி அதில் குற்றம் இல்லை. பேச்சு வழக்கைத் திருத்தக் கிளம்பவும் இல்லை. "வருவீங்களா?" என்று கேட்பதற்கும் "வருமா?" என்று கேட்பதற்கும் உள்ள தூரம் மட்டும் ஒருமுறை காதில் விழட்டும் என்று ஆசைப்படுகிறேன். உயர்திணை, அஃறிணை என்று உலகத்தையே இரண்டாகப் பிரித்துப் பேசும் மொழி நம்முடையது. அந்தப் பிரிவில் வண்டி ஓட்டுபவர் மட்டும் தினமும் தப்பான பக்கத்தில் போய் விழுகிறார்.

தமிழ்நாடு இந்த விஷயத்தில் பெருமைப்பட ஒரு காரணம் உண்டு. 1973-இல் மு. கருணாநிதி முதல்வராக இருந்தபோது கை ரிக்‌ஷா ஒழிக்கப்பட்டது. இழுத்துவந்தவர்களுக்கே சைக்கிள் ரிக்‌ஷா வழங்கப்பட்டது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது இரண்டாவது பாதி. வண்டியை மட்டும் தடை செய்திருந்தால் இழுத்தவர் பட்டினி கிடந்திருப்பார். தடை போடும்போது ஆளையும் நினைவில் வைத்திருந்தார்கள்.

இதே சிக்கல் பஞ்சாபில் வேறு வடிவில் வந்தது. ஓட்டுபவரே உரிமையாளராக இருந்தால்தான் சைக்கிள் ரிக்‌ஷாவுக்கு உரிமம் என்று 1975-இல் அங்கே ஒரு சட்டம் போட்டார்கள். நோக்கம் நல்லது. ஆனால் தினவாடகைக்கு வண்டி எடுத்து மிதித்தவர்களிடம் சொந்தமாக வாங்கப் பணம் ஏது? பிழைப்பு போய்விடும் என்று உச்ச நீதிமன்றம் போனார்கள். 1980-இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், சட்டம் செல்லுமா செல்லாதா என்பதோடு நிற்காமல், வங்கிக் கடன் மூலம் அவர்களே வண்டிக்குச் சொந்தக்காரர் ஆவதற்கு ஒரு வழியை வகுத்துக் கொடுத்தார். இதை நான் இங்கே கொண்டுவரக் காரணம் 'ரிக்‌ஷாக்காரர்' என்ற நம் சொல். வீட்டுக்காரர், கடைக்காரர், தோட்டக்காரர் எல்லாம் போலத்தான். அந்தக் 'காரர்' சில சமயம் உடைமையைச் சொல்கிறது, சில சமயம் வேலையை மட்டும் சொல்கிறது. வாடகை வண்டி மிதித்தவர் இரண்டாவது வகை. அவரை முதல் வகைக்கு நகர்த்தப் பார்த்தது அந்தத் தீர்ப்பு.

அப்புறம் மோட்டார் வந்தது. இத்தாலியின் பியாஜியோ நிறுவனம் 1948-இல் 'ஆபே' என்ற மூன்று சக்கர வண்டியைச் செய்தது. ஆபே என்றால் தேனீ. அந்த வகையில் வந்ததுதான் நம் ஆட்டோ ரிக்‌ஷா. (ஜகார்த்தாவில் ஆட்டோவுக்கே 'பஜாஜ்' என்று பெயர். ஓர் இந்தியத் தொழில் குடும்பத்தின் பெயர் இன்னொரு நாட்டில் வண்டி வகையின் பெயராகிவிட்டது, அழகான விஷயம்.) ஆட்டோ என்பது கிரேக்கத்தில் 'தான்' என்று பொருள் தரும் சொல். தானே, மனித, வலிமை, வண்டி: விழுந்த எழுத்தையும் சேர்த்துப் படித்தால் முன்னுக்குப் பின் முரண். நாம் அதையும் சுருக்கி 'ஆட்டோ' ஆக்கினோம். ரிக்‌ஷாவில் மனிதர் மட்டும் போயிருந்தார். ஆட்டோவில் வண்டியும் போய், 'தானே' என்பது மட்டும் மிஞ்சியிருக்கிறது.

தனித்தமிழ் ஆர்வலர்கள் இதற்கு 'தானி' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். சின்னச் சொல், ஒலியும் இனிமை, உருவாக்கியவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அது ஆங்கிலத்தில் இருந்த மறதியை அப்படியே தமிழில் தருகிறது. ஆட்டோ தானாக ஓடுவதில்லை. வெயிலில் பத்து, பன்னிரண்டு மணி நேரம் முதுகு நோக ஒருவர் ஓட்டுகிறார். இலங்கைத் தமிழர் சொல்லும் 'முச்சக்கர வண்டி' எனக்கு மேலாகப் படுகிறது. சக்கரத்தை எண்ணுவதோடு அது நிறுத்திக்கொள்கிறது, ஆள் இல்லை என்று சொல்லவில்லை. தாய்லாந்தின் 'சாம்லோ'வும் அப்படித்தான், மூன்று சக்கரம்.

இப்போது மின் ரிக்‌ஷா வந்திருக்கிறது. 2015-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் திருத்தம் செய்து அதற்கு இடம் கொடுத்தார்கள். ஜின் இருந்த இடத்தில் இன்று மின் நிற்கிறது. வலிமை பேட்டரியிலிருந்து வருவதால், இந்தப் பெயரில் பொய் இல்லை. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், மகாராஷ்டிராவின் மாதேரான் மலையூரில் இன்னும் ஓடிக்கொண்டிருந்த கை ரிக்‌ஷாக்களை மனித கண்ணியத்துக்கு எதிரானவை என்று சொல்லி ஆறு மாதத்துக்குள் நிறுத்த உத்தரவிட்டது. மோட்டார் வண்டிகளுக்கு அனுமதி இல்லாத ஊர் அது. மாற்றாக மின் ரிக்‌ஷா. அவற்றை அரசு வாங்கி, உண்மையிலேயே இழுத்துவந்தவர்களுக்கு வாடகைக்குக் கொடுக்க வேண்டும் என்றும் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உத்தரவில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான். அதிலும் வாடகை என்ற சொல் மட்டும் நெருடுகிறது. 1973-இல் இங்கே செய்ததுபோல வண்டியை அவர்களுக்கே கொடுத்துவிடலாம்.