ஒய்ஆர்4 விஷயத்தில் யாரும் பல்டி அடிக்கவில்லை

2032-ல் பூமியில் மோத 3 சதவீத வாய்ப்பு என்று நாசா சொன்ன 2024 ஒய்ஆர்4 குறுங்கோள், இப்போது கிட்டத்தட்ட மோதாது என்றாகிவிட்டது. அதை வைத்து என் பதிவின் கீழ் நடந்த கூத்தைப் பார்த்திருப்பீர்கள். "நாசா பல்டி", "3 சதவீதம் எங்கப்பா போச்சு", வழக்கமான வடிவேலு படம். சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆரம்பித்து வைத்தது என் மச்சான் என்பதால்தான் இந்தப் பதிவு.

யாரும் பல்டி அடிக்கவில்லை. அந்தக் குறுங்கோளை 2024 டிசம்பர் 27 அன்று சிலியில் உள்ள அட்லஸ் தொலைநோக்கி கண்டுபிடித்தது. அதற்கு இரண்டு நாள் முன்பே அது நம்மைக் கடந்துவிட்டது. விலகிப் போகிற ஒன்றைச் சில வாரம் பார்த்துவிட்டு, 2032 டிசம்பர் 22 அன்று அது எங்கே இருக்கும் என்று கேட்டால், புள்ளி வைத்துக் காட்ட முடியாது. இந்த இடத்திலிருந்து அந்த இடம் வரை எங்காவது இருக்கும் என்று ஒரு நீளமான பட்டையைத்தான் காட்ட முடியும். அந்தப் பட்டைக்குள் பூமியும் இருந்தது. அளவீடுகள் சேரச் சேரப் பட்டை சுருங்கும், பூமி சுருங்காது. அதனால் பட்டையில் பூமியின் பங்கு கூடும். 2025 ஜனவரி கடைசியில் 1 சதவீதம் தாண்டியது, பிப்ரவரி 18-ல் 3.1 ஆனது. பட்டை இன்னும் சுருங்கியதும் பூமி அதற்கு வெளியே நழுவத் தொடங்கியது. மறுநாள் 1.5, அடுத்த நாள் 0.28, பிப்ரவரி 24-ல் 0.004. ஏறியதும் இறங்கியதும் ஒரே கணக்கு.

2004-ல் அபோஃபிஸ் என்ற இன்னொரு குறுங்கோளுக்கும் இதேதான். 2029-ல் மோத 2.7 சதவீத வாய்ப்பு என்றார்கள். பிறகு இல்லை என்றானது. அன்றைக்கும் இந்தக் கிண்டல் இருந்தது, மீம்தான் இல்லை.

"உறுதியான பிறகு சொன்னால் என்ன?" என்று ஒரு நண்பர். சொல்லாமல் வைத்திருந்து பிறகு தெரிந்திருந்தால் "நாசா மறைத்தது" என்று முதல் காணொளி போடுபவர் நீங்கள்தானே? 2013-ல் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரத்துக்கு மேல் வெடித்த சுமார் 20 மீட்டர் கல்லை யாரும் முன்கூட்டிப் பார்க்கவில்லை. சூரியன் இருக்கும் திசையிலிருந்து வந்தது. ஜன்னல் கண்ணாடி உடைந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயம்பட்டார்கள். மௌனம் வேண்டுமென்றால் அதுதான் மௌனம்.

ஊடகங்கள் ஊதிப் பெருக்கின என்பது சரி. அதற்கு ஊடகத்தைத் திட்டுங்கள். "ஜோசியரும் இப்படித்தானே மாற்றி மாற்றிச் சொல்கிறார்" என்பவருக்கு என்ன பதில் சொல்வது? எந்த ஜோசியர் தன் கணிப்பைத் தினமும் பொதுவில் எண்ணாகப் போட்டு, தினமும் திருத்திப் போடுகிறார்? ஒருவரைக் காட்டுங்கள், நானே போய்க் கட்டம் பார்க்கிறேன்.

மச்சான் விஷயத்துக்கு வருகிறேன். ஃபெங்கல் புயல் ஞாபகம் இருக்கிறதா? புயலாகும் என்றார்கள், ஆகாது என்றார்கள், கடைசியில் ஆனது. விழுப்புரத்தில் இருக்கும் மச்சான் அன்றைக்கும் குடும்பக் குழுவில் வானிலைக்காரர்களை வறுத்தெடுத்தார். "ஃப்ரிட்ஜையாவது உயரத்தில் வையுங்கள்" என்று போன் பண்ணினேன். "நீயும் ஆரம்பிச்சிட்டியா?" என்று சிரித்தார். 2024 நவம்பர் 30 ராத்திரி புயல் கரையைக் கடந்தது, மாவட்டமே மிதந்தது. தண்ணீர் வடிந்த பிறகு நான் போனபோது அந்த ஃப்ரிட்ஜ் வாசலில் கதவு திறந்தபடி மல்லாந்து கிடந்தது, உள்தட்டில் சேறு. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அவருடன் சேர்ந்து கழுவிவிட்டேன். மூன்று மாதம்கூட ஆகவில்லை, "எங்க வீட்டு விஞ்ஞானிக்கு நாசா சம்பளம் போடுதாம்" என்று எழுதுகிறார். அதற்கு நாற்பது பேர் சிரிப்புப் பொம்மை போடுகிறார்கள். அதில் பாதிப் பேர் என் கல்யாணத்துக்கு வந்தவர்கள்.

சரி, சம்பளம் போட்டால் சொல்கிறேன். நான் எழுதுவது யாரையும் பயமுறுத்த இல்லை. என் முந்தைய பதிவிலேயே, மோதாமல் போக 97 சதவீத வாய்ப்பு என்று முதல் வரியில் எழுதியிருந்தேன். அதை யார் படித்தார்கள்? படம் பார்த்தார்கள், பகிர்ந்தார்கள், இப்போது என்னிடம் கணக்குக் கேட்கிறார்கள்.

அப்புறம், அதே கல் 2032-ல் நிலாவில் மோத 1.7 சதவீத வாய்ப்பு என்று 2025 பிப்ரவரியில் சொன்னார்கள். அதுவும் ஏறி இறங்கக்கூடிய எண்தான். 2025 மார்ச்சில் விண்வெளியில் இருக்கும் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அந்தக் கல்லைப் பார்த்தது, எண் மறுபடி மாறியது. மீம் போடுபவர்கள் இப்போதே தயார் செய்துகொள்ளலாம். கமெண்டில் மச்சானை டேக் செய்ய வேண்டாம், அவர் இதைப் படித்துக்கொண்டுதான் இருக்கிறார்.