சனிக்கிழமை பார்ட்டிக்கு வராத பையன்

நம்ம அபார்ட்மெண்ட்ல ஒரு வீட்ல சனிக்கிழமை பர்த்டே பார்ட்டிக்கு அவங்க பையனை அனுப்பாத விஷயத்தை எல்லாரும் பேசி ஓய்ஞ்சாச்சு, எனக்குத்தான் மனசு ஆறல. "குழந்தைகிட்ட போய் என்ன மதவெறி"ன்னு ஒருத்தர் எழுதினீங்களே, அதுக்காகத்தான் இது.

அவங்க யூதக் குடும்பம். வெள்ளிக்கிழமை பொழுது சாயறதுக்கு முன்னாடி மெழுகுவத்தி ஏத்தினா சனிக்கிழமை ராத்திரி நட்சத்திரம் தெரியற வரைக்கும் ஷபாத், அதாவது அவங்க வாராந்திரப் புனித ஓய்வு நாள், கார் எடுக்க மாட்டாங்க, போன் தொட மாட்டாங்க. நம்ம அபார்ட்மெண்ட்ல இது தெரியாதவங்க யாரு? ஞாயித்துக்கிழமை வெச்சுக்கலாமான்னு அந்தம்மா ரெண்டு வாரம் முன்னாடியே கேட்டாங்க, ஒருத்தரும் பதில் போடல, இப்ப பையனை அனுப்பலன்னு அவங்க மேல கோவம்.

"குழந்தை ஏங்கிப் போயிடுமே"ங்கறீங்க. ஏங்கும்தான். அவன் ஜன்னல்ல நின்னு பார்த்துட்டிருந்ததை நானும் பார்த்தேன், அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. ஆனா "இந்த ஒரு நாள் மட்டும்"னு ஒவ்வொரு தடவையும் விட்டா என்ன மிஞ்சும்? இந்த அமெரிக்காவுல நூத்துக்கு ரெண்டரை பேர்கூட யூதர் இல்ல. 2010க்கு அப்புறம் கல்யாணம் ஆன யூதர்கள்ல 61 சதவீதம் பேரோட துணை யூதர் இல்லன்னு பியூ ஆய்வு மையத்தோட 2020 சர்வே சொல்லுது. கல்யாணம் அவங்கவங்க இஷ்டம், அதை நான் தப்பு சொல்லல. ஆனா அவங்க வழக்கத்தையெல்லாம் வீட்ல சொல்லித் தரலன்னா வேற யாரு தருவா, ஸ்கூலா? அந்தக் காலத்துல அந்தியோகஸ்ங்கற கிரேக்க ராஜா அவங்க வழிபாட்டையே தடை பண்ணப்போ எதிர்த்து நின்னு ஜெருசலேம் கோயிலை மீட்டதுக்குத்தான் ஹனுக்கா பண்டிகை, அதையே இங்க "யூதங்க கிறிஸ்துமஸ்"னு ஆக்கி வெச்சிருக்காங்க.

"அப்படின்னா இங்க ஏன் இருக்காங்க"ன்னு இன்னொருத்தர். அவங்க கொள்ளுத்தாத்தா காலத்துல இருந்து இங்கதான் இருக்காங்க சார். நாம வந்து பத்து வருஷம் ஆகல.

போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டாங்க. சாப்பாட்டுக்கு முன்னாடி அந்தப் பையனோட அப்பா அவன் தலைல ரெண்டு கையையும் வெச்சு, எப்பிராயீம் மாதிரி மனாசே மாதிரி கடவுள் உன்னை ஆக்கட்டும்னு சொன்னார். ஆபிரகாம், மோசேன்னு அவ்ளோ பேர் இருக்க ஏன் இவங்கன்னு கேட்டேன். எங்க வேதத்துல வர்ற யோசேப்போட இந்த ரெண்டு பசங்களும் எகிப்துலயே பொறந்து வளர்ந்தவங்க, அங்க இருந்தும் தாங்க யாருன்னு மறக்காதவங்க, அதான்னார். எனக்குத் தொண்டை அடைச்சிடுச்சு.

நானும்தான் வெள்ளிக்கிழமை விளக்கு ஏத்தறேன். என் பையனுக்கு "ஹாய் பாட்டி"க்கு மேல தமிழ் வரல, ஊர்ல இருந்து அம்மா போன் பண்ணா வேற என்ன பேசறதுன்னு தெரியாம "சாப்டியாடா கண்ணா"ன்னு அதையே திரும்பத் திரும்ப கேக்கறாங்க. அந்தப் பையன் எட்டு வயசுல ஹீப்ரு படிக்கறான். அவங்க அம்மாவையா குத்தம் சொல்றோம்?

வர்ற ஞாயித்துக்கிழமை கோஷர் கடையில, அதாவது அவங்க மத உணவு விதிப்படி விக்கற கடையில, கேக் வாங்கிட்டு அவங்க வீட்டுக்குப் போறேன். கூட வர்றவங்க சொல்லுங்க.