நாயின் தசையை வெட்டித்தான் சோதிப்பார்களா? உண்மை விளக்கம்

"பின்னங்கால் தளர்ந்த நாயை மருத்துவரிடம் கொண்டுபோனால் தசையை வெட்டித்தான் சோதிப்பார்கள், வீட்டிலேயே எண்ணெய் தேய்த்துவிடுங்கள்" என்ற வாட்ஸ்அப் செய்தி கோத்தகிரி, குன்னூர் பக்கம் சுற்றுகிறது. தவறான தகவல்.

முதல் சோதனைக்குக் கத்தி வேண்டாம், கண் போதும். நாயை நடக்கவிட்டு, எந்தக் காலில் பாரம் போடத் தயங்குகிறது என்று பார்ப்பார்கள். நம் தேயிலைத் தோட்டச் சரிவில் இறங்கும்போதே பாதி தெரிந்துவிடும். அடுத்தது அளவுநாடா. இரண்டு தொடைகளையும் ஒரே உயரத்தில் சுற்றி அளப்பார்கள். பல நாட்களாகச் சரியாக உழைக்காத காலின் தொடை மெலிந்திருக்கும். நாடாவை இறுக்கினால் அளவு மாறும், முடி அடர்ந்த நாயிடம் இன்னும் ஏமாற்றும். ஆகவே ஒரே ஆள், ஒரே விதமாக அளப்பது நல்லது. அல்ட்ராசவுண்டில் தசையின் தடிமன் தெரியும். தோல்மேல் மின்முனை ஒட்டித் தசையின் மின்துடிப்பைப் பதிவுசெய்வதும் உண்டு. அந்த வசதி எல்லா ஊரிலும் கிடையாது.

தசைத் துண்டு எடுப்பது கட்டுக்கதை அல்ல. சில தசை நோய்களை உறுதிசெய்ய அது தேவைப்படும், அதுவும் மயக்க மருந்து கொடுத்துத்தான்.

எண்ணெயா? முதுகெலும்பு வட்டு (டிஸ்க்) நழுவியதால் வந்த தளர்ச்சி என்றால், சிகிச்சை தாமதமாகும், தேய்த்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் நாய்க்கு நட்டம்.