ஆதித் திருச்சபை மருந்தை ஒதுக்கியதா?

"ஆதித் திருச்சபையில் மருந்து ஏது, மாத்திரை ஏது? ஜெபம் மட்டும்தான்." இப்படி மேடையில் முழங்குகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். ஜெபத்தால் சுகம் கிடைக்கும் என்று மனதார நம்புகிறவன் நான். அதனால்தான் இந்தப் பேச்சு எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. வரலாறு அப்படி இல்லை.

மருந்தை வெறுத்தவர்கள் அன்றும் இருந்தார்கள், மறைக்க வேண்டியதில்லை. 2ஆம் நூற்றாண்டில் தத்தியான் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர், மூலிகைகளை நம்புவதை விட்டுக் கடவுளை நம்பு என்று எழுதினார். அவருடைய கடுந்துறவுப் போதனைகளுக்காகத் திருச்சபையே பிறகு அவரை ஒதுக்கியது. அடுத்த நூற்றாண்டின் இறையியல் அறிஞர் ஒரிகன் கொஞ்சம் நிதானமாகப் பேசினார்: சாதாரண வாழ்க்கை வாழ்கிறவர் வைத்தியத்தை நாடலாம், அதைவிட உயர்ந்த வழியை விரும்புகிறவர் ஜெபத்தை நாடட்டும் என்றார்.

என்னை யோசிக்க வைத்தது 4ஆம் நூற்றாண்டில் கப்பத்தோக்கியாவில் (இன்றைய துருக்கியில்) வாழ்ந்த ஒரு குடும்பம். அக்கா மக்ரீனாவுக்கு மார்பில் கட்டி. ஒரு ஆண் வைத்தியரிடம் உடம்பைக் காட்ட அவர் சம்மதிக்கவில்லை. அம்மா எம்மேலியா கெஞ்சுகிறார். என்ன சொல்லிக் கெஞ்சுகிறார் தெரியுமா? மருத்துவக் கலையும் மனிதரைக் காப்பாற்றக் கடவுள் தந்ததுதானே என்கிறார். மக்ரீனா இரவெல்லாம் அழுது ஜெபிக்கிறார். அப்புறம் அம்மாவையே அந்த இடத்தில் சிலுவை அடையாளம் போடச் சொல்கிறார். கட்டி மறைந்தது, சின்னத் தழும்பு மட்டும் மிஞ்சியது என்று தம்பி நிசா கிரகோரியார் எழுதி வைத்திருக்கிறார்.

இந்த அற்புதத்தை நம்மூர் மேடைகளில் சொன்னால் இதோடு நிறுத்திவிடுவார்கள். அதே வீட்டில் பிறந்த இன்னொரு தம்பி பசிலியார் என்ன செய்தார் என்று யாரும் சொல்வதில்லை. கப்பத்தோக்கியாவின் செசரியா நகருக்கு வெளியே, 370ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் பெரிய இல்லம் கட்டினார். அங்கே வைத்தியர்களும் பராமரிப்பவர்களும் இருந்தார்கள். ஊரே விரட்டிய தொழுநோயாளிகளுக்கும் இடம் இருந்தது. அவர்களை இவர் கட்டித் தழுவினார் என்று நண்பர் நசியான்சு கிரகோரியார் சொல்கிறார்.

மருத்துவத்தை நாடுவது பக்திக்குப் பொருந்துமா என்று துறவிகள் கேட்டதற்குப் பசிலியார் எழுதிய பதில் இன்றும் இருக்கிறது. உழவும் நெசவும் நம் பலவீனத்துக்காகக் கடவுள் தந்த உதவிகள், மருத்துவமும் அப்படித்தான் என்கிறார். அதே நேரத்தில் உன் முழு நம்பிக்கையையும் வைத்தியரிடம் வைக்காதே என்றும் எச்சரிக்கிறார். இவரே வாழ்நாள் முழுக்க நோயாளி. கடிதங்களில் அடிக்கடி உடம்பு வேதனைதான். வைத்தியர்களை மதித்துக் கடிதம் எழுதியவர், வெந்நீர் ஊற்றுக்கும் சிகிச்சைக்காகப் போனவர். இவருக்கு விசுவாசம் குறைவு என்று சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்?

அக்காவின் ஜெபமும் தம்பியின் மருத்துவ இல்லமும் ஒரே வீட்டிலிருந்து வந்தவை. ஒன்றைக் காட்டி மற்றதை மறைப்பது நேர்மையில்லை.

சரி, வேதத்தையே எடுங்கள். மூப்பர்கள் எண்ணெய் பூசி ஜெபிக்கட்டும் என்கிறார் யாக்கோபு. வைத்தியரை வீட்டுக்கு அனுப்பிவிடு என்று அவர் எழுதவில்லை. சாகக் கிடந்த எசேக்கியா ராஜாவின் உயிருக்காகக் கர்த்தரின் வாக்கைக் கொண்டுவந்த ஏசாயா தீர்க்கதரிசியே, பிளவையின் மேல் அத்திப்பழ அடையை வைத்துக் கட்டவும் சொன்னார்.

உங்கள் சபையில் யாராவது மாத்திரையை நிறுத்தச் சொன்னால், ஜெபத்தை வாங்கிக்கொள்ளுங்கள். டாக்டரைக் கேட்காமல் இன்சுலினை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.