கேட்டது 40, கிடைத்தது 25

2023-இல் வேலைநிறுத்தம் செய்த அமெரிக்க கார் தொழிலாளர்கள் "ஒரே அடியில் 40 சதவீத ஊதிய உயர்வு வாங்கிவிட்டார்கள்" என்று இங்கே பலர் பகிர்ந்திருக்கிறார்கள். அதில் ஒரு சின்னத் திருத்தம்.

40 என்பது ஐக்கிய வாகனத் தொழிலாளர் சங்கம் பேச்சுவார்த்தையில் வைத்த கோரிக்கை. ஜிஎம், ஃபோர்டு, ஸ்டெல்லான்டிஸ் தலைமை அதிகாரிகளின் சம்பளம் நான்கு ஆண்டுகளில் ஏறக்குறைய அந்த அளவு ஏறியிருக்கிறது, எங்களுக்கும் கொடுங்கள் என்று சங்கத் தலைவர் ஷான் ஃபெயின் வெளிப்படையாகவே கேட்டார். அந்த எண் எல்லோர் மனதிலும் பதிந்ததில் ஆச்சரியமில்லை.

ஒப்பந்தத்தில் வந்த பொது உயர்வு 25 சதவீதம். அதுவும் 2028 ஏப்ரல் வரையிலான காலத்துக்குப் பிரித்துத் தரப்படுவது: ஒப்புதல் கிடைத்ததும் 11, பிறகு மூன்று முறை 3, கடைசியில் 5. ஒன்றின் மேல் ஒன்றாகக் கணக்கிட்டால் சுமார் 27 வரும். விலைவாசிப்படி தனி, அதைச் சேர்த்தால் உச்ச ஊதிய நிலையில் உள்ள தொழிலாளர்களுக்கு 30-ஐத் தாண்டும். தற்காலிகப் பணியாளர்கள் சிலருக்கு இதைவிடப் பெரிய உயர்வு கிடைத்தது உண்மைதான், ஆனால் அது எல்லோருக்குமான கணக்கு அல்ல.

சரிபார்ப்பது எளிது. மூன்று நிறுவனங்களுடனான ஒப்பந்தச் சுருக்கங்களைச் சங்கமே தன் இணையதளத்தில் வெளியிட்டது. ஊதிய அட்டவணையில் ஆண்டுவாரியாக உள்ள சதவீதங்களைக் கூட்டிப் பாருங்கள். செய்திக் கட்டுரையைப் பார்ப்பதானால் தேதியையும் கவனியுங்கள்: 2023 செப்டம்பரில் வந்தவை கோரிக்கையைச் சொல்பவை, முடிவு தெரிந்தது அக்டோபர் இறுதியில்தான்.