கும்மி ஆடுகிற பிள்ளைகளுக்கு ஒரு பாட்டாவது விடுங்கள்

கொங்கு நாட்டில் இப்போது எந்த ஊருக்குப் பொழுதோடு போனாலும், வள்ளி முருகன் கதையைப் பாடி ஆடுகிற வள்ளி கும்மிக்குப் பயிற்சி நடக்கிறது. கோயில் வாசல், மண்டபத்து முன்புறம், பள்ளிக்கூட மைதானம் என்று இடம்தான் மாறும். காலேஜ் படிக்கிற பெண், பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிற அக்கா, பேரன் பேத்தி எடுத்த ஆத்தா எல்லாம் ஒரே வட்டத்தில் நிற்கிறார்கள். மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டியைச் சேர்ந்த பத்திரப்பன் ஐயாவுக்கு 2024-இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். ஆண்கள் மட்டுமே ஆடிவந்த ஆட்டத்துக்குள் பெண்களைக் கொண்டுவந்தவர். அந்த ஒரு காரியத்துக்கே கொடுக்கலாம்.

அதனால் இளசுகளுக்குக் கலையில் நாட்டமில்லை என்று யாராவது புலம்பினால் எனக்குக் கோபம் வருகிறது. ஆட வருகிறார்கள், நன்றாகவே ஆடுகிறார்கள். என் குறை வேறு. அவர்களிடம் சலங்கையைக் கொடுக்கிறோம், பாட்டை மட்டும் நாமே வைத்துக்கொள்கிறோம்.

நாட்டு நலப்பணித் திட்டம் 1969-இலிருந்து இருக்கிறது. ஏழு நாள் முகாமுக்கு மாணவர்கள் ஊருக்கு வருவார்கள், கோயிலைச் சுத்தம் செய்வார்கள், மரக்கன்று நடுவார்கள். சாயங்காலம் ஒரு நாடகம். புருஷன் குடிப்பான், பெண்டாட்டி அழுவாள், கடைசியில் எல்லோரும் கைகோத்து ‘குடியை ஒழிப்போம்’ என்பார்கள். குடி கெடுதல் என்று தெரியாதவர் அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூட இருக்க மாட்டார், குடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருப்பவர் உட்பட. அந்தப் பிள்ளைகளைக் குற்றம் சொல்லவில்லை. கதை வசனம் அவர்களுடையது இல்லையே.

எங்கள் பக்கம் ஒரு கும்மிக் குழுவில் பத்தாவது படிக்கிற பெண்கள் டவுன் பஸ்ஸைப் பற்றி நாலு வரி கட்டினார்கள். 2021-இல் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. ஆனால் பெண்கள் மட்டும் நிற்கிற ஸ்டாப் என்றால் சில டிரைவர்களுக்குக் கண் தெரிவதில்லை. இதைத்தான் வள்ளி முருகனைக் கேலி செய்கிற மெட்டில் பாடினார்கள். கும்மி வாத்தியாருக்குப் பிடிக்கவில்லை. “ஏனுங்க, சாமி பாட்டுல எதுக்குங்க ஊர் வம்பு?” என்றார். ஆனால் தடுக்கவில்லை. நல்ல மனுசன். ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு முன்னால் ஆடினார்கள். சிரித்தபடி கூட்டம் சேர்ந்தது, சேர்ந்த கூட்டம் கையெழுத்துப் போட்டது, தீர்மானமும் ஆனது. காலை பஸ் இப்போது நிற்கிறது. சாயங்கால பஸ் இன்னும் போக்குக் காட்டுகிறது, அதற்குத் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்திருக்கிறார்கள்.

பஸ் சின்ன விஷயம்தான். நூல் மில்லுகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்று ஒன்று நடந்ததே, அது சின்ன விஷயமில்லை. மூன்று வருசம் ஹாஸ்டலில் தங்கி வேலை செய்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லித்தான் தென் மாவட்டப் பெண்களைக்கூட இங்கே அழைத்துவந்தார்கள். வெளியே போக முடியாது, நினைத்தபோது வீட்டோடு பேச முடியாது, பாதியில் நின்றால் அந்தத் தொகையும் கைக்கு வராது என்பதெல்லாம் ஏஜெண்ட் சொல்லாதவை. அங்கே இருந்துவிட்டு வந்த ஒரு பெண் தன் வாயால் இதைப் பாடினால் எந்தத் துண்டறிக்கையும் அதற்கு ஈடாகாது. பதினெட்டு ஆகாத பெண்ணுக்குக் கல்யாணம் பேசினால் 1098-க்குக் கூப்பிடலாம் என்பதை ஆபீசர் மைக்கில் சொல்வதும், கூடப் படிக்கிற பிள்ளை கும்மியில் சொல்வதும் ஒன்றா?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கலை என்றாலே நல்லதுதான் செய்யும் என்று நினைத்துவிடக் கூடாது. சில வருசங்களுக்கு முன் ஒரு வள்ளி கும்மி மேடையில், சொந்தச் சாதிக்குள்தான் கட்டிக்கொள்வோம் என்று பெண்களை உறுதிமொழி எடுக்கவைத்த காணொளி பரவியதே, நினைவிருக்கிறதா? தினைப்புனம் காத்த வேடர் குலப் பெண், தனக்குப் பிடித்தவனைக் கட்டிய கதை அது! அதைப் பாடிய வாயாலேயே இந்த உறுதிமொழி. சாதி தாண்டிப் பழகியதற்காகக் கோகுல்ராஜும், சாதி தாண்டிக் கட்டியதற்காக உடுமலை சங்கரும் கொல்லப்பட்ட மண்ணில் இதைச் சும்மா கடந்துபோக என்னால் முடியவில்லை. அந்தச் சங்கரைக் கட்டிய கௌசல்யா, அவர் கொல்லப்பட்ட பிறகு பறையைக் கையில் எடுத்தார், சங்கர் பேரில் அறக்கட்டளை தொடங்கினார், ஆணவக் கொலைக்குத் தனிச் சட்டம் கேட்டார். பறையும் தொண்டும் கோரிக்கையும் அவரிடம் தனித்தனியாக இல்லை. யாரும் அவருக்கு எழுதிக்கொடுத்துப் பேசவைக்கவும் இல்லை.

சரி, செய்யக்கூடியது என்ன? அரங்கேற்றத்துக்கு ஊர் கூடிச் சேலை எடுக்கிறோம், பந்தல் போடுகிறோம், சாப்பாடு போடுகிறோம். அந்த ராத்திரியில் ஒரே ஒரு பாட்டைப் பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விட்டுவிடலாம். என்ன எழுதுகிறார்கள் என்று முன்கூட்டிப் பார்க்க வேண்டாம், மெட்டை மட்டும் வாத்தியார் சரிபார்க்கட்டும். கிராம சபை வருசத்துக்கு ஆறு தடவை கூடுகிறது. பாடின விஷயத்தைத் தாளில் எழுதி அங்கே வைக்க ஒரு பெரியவர் துணைக்குப் போனால் போதும்.

இப்படிச் சொன்னால் கோயில் கமிட்டி இடம் தராது என்கிறார்கள். நியாயமான பயம்தான். எங்களுக்கும் தரவில்லை. ரேஷன் கடைக்கு முன்னால் ஆடினோம். அரிசி போடுகிற நாளாகப் பார்த்து வைத்ததால் கோயிலுக்கு வருவதைவிடக் கூட்டம் அதிகம்.